மூலைக்கு மூலை ஒரு கயிறு

கணக்கு என்றதும் சிலருக்குப் பயம். "கூட்டல் கழித்தல் போதுமே, வர்க்கமூலம் எல்லாம் நமக்கு எதற்கு?" என்பார்கள். வாருங்கள், ஒரு கதையைப் படிப்போம். கதையோடு கணக்கும் வரும். கையில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நகரி ஊர். விசைத்தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் ஊர். ஆந்திராவில் இருந்தாலும் வீட்டுக்கு வீடு தமிழ் பேசுவார்கள். அங்கே தறி ஓட்டும் ஒரு அம்மா. பல வருடம் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்தார். சொந்தமாக ஒரு வீட்டு மனை வாங்க வேண்டும். அதுதான் அவர் ஆசை.

மனை விற்பவர் ஒரு இடத்தைக் காட்டினார். நாலு மூலையிலும் நாலு கல். டேப் பிடித்து அளந்தும் காட்டினார்.

"பாரும்மா. இந்தப் பக்கம் 24 அடி. அந்தப் பக்கம் 30 அடி. எதிர்ப் பக்கமும் அதே 24, அதே 30. முப்பது பெருக்கல் இருபத்து நாலு எழுநூற்று இருபது சதுர அடி. சரியாக 20 அங்கணம். ஒரு அங்கணம் பத்தாயிரம். மொத்தம் இரண்டு லட்சம்."

அம்மா அப்போதுதான் படிக்கக் கற்றவர். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டார்.

"அங்கணம்னா எத்தனை சதுர அடிங்க?"

நல்ல கேள்வி. நீங்களும் கேட்க வேண்டிய கேள்வி. சித்தூர், திருப்பதிப் பக்கம் மனையை அங்கணக் கணக்கில்தான் பேசுவார்கள். 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி திருப்பதி தனி மாவட்டம் ஆனது. மாவட்டம் பிரிந்தாலும் மனைப் பேச்சு மாறவில்லை. ஆனால் அங்கணம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சில இடங்களில் ஒரு அங்கணம் 36 சதுர அடி. சில இடங்களில் 72 சதுர அடி. பேர் ஒன்று, இடம் இரண்டு மடங்கு! கேட்காமல் பணம் கொடுத்தால் யாருக்கு நஷ்டம்?

"இங்கே 36 சதுர அடிதான்மா" என்றார் மனைக்காரர். 20 பெருக்கல் 36 என்பது 720. அது சரி.

"நாளைக்கு மேஸ்திரியைக் கூட்டிக்கிட்டு வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்கு வந்தார்.

கூரைக்குள் இருக்கும் எண்

அம்மாவின் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இரவில் அம்மாவும் மகளும் ஒரே விளக்கில் உட்கார்ந்தார்கள்.

"கண்ணு, 36 சதுர அடின்னா எவ்வளவு பெருசு இருக்கும்?"

"சதுரமா இருந்தா 6 அடிக்கு 6 அடிம்மா. ஆறாறு முப்பத்தாறு."

"அப்போ 72 சதுர அடின்னா 12 அடிக்கு 12 அடியா?"

"இல்லம்மா. 12 பன்னிரண்டு 144 ஆயிடும்."

அம்மா யோசித்தார். எட்டெட்டு 64. ஒன்பதொன்பது 81. 72 நடுவில் நிற்கிறது. எந்த முழு எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 72 வரும்? எதுவும் வராது.

மகள் ஒரு குறி போட்டாள்: √72.

இந்தக் குறியைப் பாருங்கள். சாய்ந்த கூரை மாதிரி இருக்கிறதா? இதற்குப் பெயர் வர்க்கமூலக் குறி. "எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் உள்ளே இருக்கும் எண் வருமோ, அந்த எண்" என்று இதற்குப் பொருள். √36 என்றால் 6. √81 என்றால் 9. √72 என்றால் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஓர் எண். (தெலுங்கிலும் வர்கமூலம் என்றே சொல்கிறார்கள். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமும் நீங்கள் கேட்டுக்கொள்ளலாம்.)

இப்படி முழு எண்ணாகவும் வராமல், பின்னமாகவும் வராமல் கூரைக்குள்ளேயே தங்கிவிடும் எண்ணை முறுடு என்று பள்ளிப் புத்தகங்களில் எழுதினார்கள். பெயர்தான் முரடு போல இருக்கிறது. பழகிவிட்டால் சாதுவானதுதான்.

முதலில் பெருக்கலைப் பார்ப்போம். √4 என்பது 2. √9 என்பது 3. இரண்டையும் பெருக்கினால் 6. இப்போது கூரைக்குள்ளே பெருக்குங்கள். 4 பெருக்கல் 9, 36. √36 என்பதும் 6. விடை ஒன்றுதான்.

√4 × √9 = √36

எந்த இரண்டு எண்ணுக்கும் இப்படி வருமா? வரும். ஏன் என்று கேட்பது நல்லது. √5 × √7 என்று ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதே எண்ணால் பெருக்குங்கள். √5 × √7 × √5 × √7 என்று ஆகும். பெருக்கலில் இடம் மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? √5 × √5 என்பது 5. √7 × √7 என்பது 7. ஆக மொத்தம் 35. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 35 வருகிறதோ, அதற்குப் பெயர் √35. ஆகவே √5 × √7 = √35. எண்களுக்குப் பதிலாக எழுத்து போட்டு √அ × √ஆ = √(அ × ஆ) என்று எழுதலாம். இதுதான் இயற்கணிதம். அ, ஆ என்ற இடத்தில் சைபரையோ, அதற்கு மேற்பட்ட எந்த எண்ணையோ வைக்கலாம். கடன் எண்ணை வைக்கக் கூடாது.

இனிச் சுருக்குதல். மகள் 72-ஐ உடைத்தாள்.

72 = 2 × 2 × 2 × 3 × 3

"அம்மா, கூரைக்குள்ளே ஜோடி ஜோடியா இருக்கிறவங்களைப் பாரு. இரண்டு 2 ஒரு ஜோடி. இரண்டு 3 ஒரு ஜோடி. ஜோடிக்கு ஒருத்தர் வெளியே வரலாம். ஜோடி இல்லாத 2 உள்ளேயே இருக்கணும்."

"ஜோடியில ஒருத்தர் மட்டும் ஏன் வர்றாங்க?"

"√(2 × 2) என்பது √4. அது 2 தானேம்மா?"

சரிதான். வெளியே வந்தவர்கள் 2, 3. பெருக்கினால் 6. உள்ளே இருப்பவர் 2.

√72 = 6√2

√2 ஏறத்தாழ 1.414. ஆறால் பெருக்கினால் 8.48. அதாவது எட்டரை அடிக்குச் சற்றுக் குறைவு. பெரிய அங்கணம் இடத்தில் சின்ன அங்கணத்தைப் போல் இரண்டு மடங்கு. ஆனால் பக்கம் 6 அடியிலிருந்து 12 அடி ஆகவில்லை. எட்டரை அடிதான் ஆகிறது. வேலிக் கம்பி வாங்கும்போது இது உதவும். சின்னச் சதுரத்துக்கு வேலி 24 அடி. பெரிய சதுரத்துக்கு 24√2, ஏறத்தாழ 34 அடி. 48 அடிக் கம்பி வாங்கினால் 14 அடி வீண்.

ஒரு வேடிக்கை பாருங்கள். 6 அடிச் சதுரம் ஒன்று வரையுங்கள். மூலைக்கு மூலை ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் நீளம் 6√2. அந்தக் கோட்டையே பக்கமாக வைத்து ஒரு சதுரம் போட்டால் 6√2 × 6√2. வெளியே 6 × 6, 36. உள்ளே √2 × √2, அது 2. மொத்தம் 72. சின்ன அங்கணத்தின் மூலைக்கோடுதான் பெரிய அங்கணத்தின் பக்கம்!

மேஸ்திரி வந்தார்

மறுநாள் காலை. மேஸ்திரி மனையைச் சுற்றி நடந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அக்கா, நாலு பக்கமும் அளந்தாங்க, சரி. மூலைக்கு மூலை அளந்தாங்களா?"

"இல்லையே."

"அதை அளக்காம மனை வாங்கக் கூடாதுக்கா."

ஏன்? நீங்கள் செய்து பாருங்கள். நாலு குச்சிகளை எடுத்து மூலைகளைக் கயிற்றால் கட்டுங்கள். நேராக நிற்கும்போது உள்ளே நிறைய இடம் இருக்கும். மெல்ல ஒரு பக்கமாகச் சாயுங்கள். குச்சிகளின் நீளம் மாறவில்லை. ஆனால் உள்ளே இடம் குறைகிறது. முழுக்கச் சாய்த்தால் நாலு குச்சியும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இடமே இருக்காது. ஆக, நாலு பக்கத்தின் நீளம் மட்டும் போதாது. மூலை நேராக இருக்கிறதா என்றும் தெரிய வேண்டும்.

மேஸ்திரிமார் கடைக்கால் தோண்டும் முன் 3, 4, 5 என்று ஒரு கணக்குப் போடுவார்கள். ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி இருந்தால் மூலை நேர்மூலை. மூம்மூன்று 9, நானான்கு 16, கூட்டினால் 25. √25 = 5. நேர்மூலை எங்கே இருந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தும்.

24-க்கும் 30-க்கும் மகள் மண்ணிலேயே எழுதினாள்.

24 × 24 = 576
30 × 30 = 900
கூட்டினால் 1476

குறுக்கே இருக்க வேண்டியது √1476. இவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உடையுங்கள். 1476 = 2 × 2 × 3 × 3 × 41. ஒரு 2 வெளியே, ஒரு 3 வெளியே. 41 உள்ளே.

√1476 = 6√41

41-க்குப் பக்கத்தில் 36 இருக்கிறது. அதன் மூலம் 6. ஆகவே √41 ஆறுக்குச் சற்று மேல். 6.4-ஐ 6.4-ஆல் பெருக்கினால் 40.96. கிட்டத்தட்ட 41! ஆறால் பெருக்கினால் 38.4 அடி. அடிக்கு 12 அங்குலம். 38 அடி 5 அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் பலர் ஒரு தப்புச் செய்வார்கள். √576 என்பது 24, √900 என்பது 30, கூட்டினால் 54 என்பார்கள். பெருக்கலில் கூரையைச் சேர்க்கலாம், பிரிக்கலாம். கூட்டலில் கூடாது. சின்ன எண்ணில் பாருங்கள். √36 + √64 என்பது 6 + 8, அதாவது 14. ஆனால் √100 என்பது 10. இரண்டும் ஒன்றா? மண்ணில் நடந்து பார்த்தாலும் தெரியும். ஓரமாகச் சுற்றிப் போனால் 54 அடி. குறுக்கே போனால் அவ்வளவு தூரம் வராது.

மேஸ்திரி சிரித்தார். "எங்க தாத்தா கூரை இல்லாமலே கணக்குப் போடுவாரு. நீளத்துல எட்டுல ஒரு பங்கைத் தள்ளு, அகலத்துல பாதியைச் சேரு. அவ்வளவுதான்."

30 அடியில் எட்டில் ஒரு பங்கு மூன்றே முக்கால். தள்ளினால் இருபத்தாறே கால். 24-இல் பாதி 12-ஐச் சேர்த்தால் முப்பத்தெட்டே கால். அதாவது 38 அடி 3 அங்குலம். இரண்டு அங்குலம்தான் வித்தியாசம். 3, 4-க்கு இந்த முறை சரியாக 5 கொடுக்கும். ஆனால் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் காலை வாரிவிடும். 10 அடிக்கு 10 அடி என்றால் உண்மையில் 10√2, அதாவது 14.14 அடி. பழைய முறையில் 13.75 அடிதான் வரும். கிட்டத்தட்ட ஐந்து அங்குலம் குறை. பெரியவர்கள் முறையை நான் குறை சொல்லவில்லை. அவசரத்துக்கு அது நல்ல முறை. பணம் கொடுக்கும் இடத்தில் மட்டும் வர்க்கமூலம் போடுங்கள்.

டேப்பை மூலைக்கு மூலை பிடித்தார்கள். அம்மா ஒரு முனை. மேஸ்திரி மறு முனை.

முப்பது அடி!

38 அடி 5 அங்குலம் வர வேண்டிய இடத்தில் 30 அடிதான் வந்தது. மனை சாய்ந்திருக்கிறது.

எவ்வளவு இடம் போயிற்று?

இப்போது உண்மையான பரப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். குறுக்குக் கோடு மனையை இரண்டு முக்கோணமாக வெட்டுகிறது. ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் 24, 30, 30. மற்றதும் அதே அளவுதான்.

24 அடிப் பக்கத்தைக் கீழே வைத்துப் பாருங்கள். மற்ற இரண்டு பக்கமும் 30, 30. இரண்டும் சமம். ஆகவே உச்சியிலிருந்து நேராக ஒரு நூல் விட்டால், கீழே சரியாக நடுவில் விழும். அதாவது 12 அடியில். நூலின் நீளம்தான் உயரம். அங்கே ஒரு நேர்மூலை இருக்கிறது. ஆகவே 30 × 30-லிருந்து 12 × 12-ஐக் கழிக்க வேண்டும். 900-லிருந்து 144 போனால் 756.

756 = 2 × 2 × 3 × 3 × 3 × 7

ஜோடி 2, ஜோடி 3. வெளியே 6. ஜோடி இல்லாத 3-உம் 7-உம் உள்ளே. அவற்றைப் பெருக்கினால் 21. உயரம் 6√21.

முக்கோணத்தின் பரப்பு, அடிப்பக்கத்தில் பாதி பெருக்கல் உயரம். 12 × 6√21 = 72√21. இப்படி இரண்டு முக்கோணம். 144√21.

வெளியே இருக்கும் எண்ணை வெளியே இருக்கும் எண்ணோடு பெருக்கினோம். உள்ளே இருப்பதைத் தொடவில்லை. கடைசி வரை கூரையை அப்படியே வைத்திருந்து, முடிவில் ஒரே ஒரு தடவை மதிப்புப் போட வேண்டும். முதலிலேயே தசமம் போட்டால் ஒவ்வொரு பெருக்கலிலும் கொஞ்சம் கொஞ்சம் தவறு கூடிக்கொண்டே போகும். சுருக்குவதன் லாபம் இதுதான்.

√21 ஏறத்தாழ 4.58. 144-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 660 சதுர அடி.

720 எங்கே, 660 எங்கே? 60 சதுர அடி குறைவு. 36-ஆல் வகுத்தால் ஒன்றே முக்கால் அங்கணத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கணம் பத்தாயிரம் என்றால் 16,000 ரூபாய்க்கு மேல். தறி ஓட்டிச் சேர்த்த பணம்.

அம்மா மனைக்காரரைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. டேப்பின் ஒரு முனையை அவர் கையிலேயே கொடுத்தார்.

"நீங்களே பிடிச்சுப் பாருங்க ஐயா."

மனைக்காரர் பிடித்தார். பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "கல்லு நட்டவன் சரியா நடலைம்மா" என்றார். யார் தப்போ, நமக்குத் தெரியாது. பின்னால் இருந்த இடமும் அவருடையதுதான். அந்தப் பக்கத்துக் கல் இரண்டையும் பிடுங்கினார்கள். மேஸ்திரி மூலைமட்டம் வைத்தார். நூல் பிடித்தார். இந்த முறை மூலைக்கு மூலை இரண்டு குறுக்கும் அளந்தார்கள். அது 38 அடி 5 அங்குலம். இதுவும் 38 அடி 5 அங்குலம்.

பிறகுதான் அம்மா முன்பணத்தை எடுத்தார்.

கயிறு பிடித்த முன்னோர்

மூலைக்கு மூலை கயிறு பிடிப்பது புது வழக்கம் அல்ல. இந்தியாவில் 2500 ஆண்டுகளுக்கு முன்பே வேள்வி மேடைக்குச் செங்கல் அடுக்கியவர்கள் கயிற்றால்தான் அளந்தார்கள். அவர்களுடைய கணக்கு நூல்களுக்குச் சுல்ப சூத்திரம் என்று பெயர். சுல்பம் என்றால் கயிறு. சதுரத்தின் மூலைக்கோட்டில் இன்னொரு சதுரம் போட்டால் இடம் இரண்டு மடங்காகும் என்று போதாயனர் சொல்லியிருக்கிறார். நம் அங்கணக் கணக்கு அதேதான். √2-க்கு அவர்கள் கண்ட மதிப்பு 1.4142 வரை சரியாக வருகிறது. கால்குலேட்டர் இல்லாத காலம்!

அதற்கும் முன்னால், இன்று ஈராக் இருக்கும் இடத்தில் பாபிலோனியர் ஒரு களிமண் வில்லையில் சதுரம் கீறி வைத்தார்கள். பக்கம் 30 என்று எழுதியிருக்கிறது. மூலைக்கோட்டின் நீளமும் எழுதியிருக்கிறது. நம் கணக்கில் அது 30√2, அதாவது 42.4. ஏறத்தாழ 3600 ஆண்டு பழைய வில்லை. இப்போது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

தென்னாட்டிலும் கணக்கு நூல்கள் எழுந்தன. 9-ஆம் நூற்றாண்டில் மகாவீரர் என்ற சமணப் பெரியவர் 'கணித சார சங்கிரகம்' எழுதினார். கடன் எண்ணுக்கு வர்க்கமூலம் கிடையாது என்று அதில் சொன்னார். அந்த நூலைப் பாவுலூரி மல்லனா தெலுங்கில் கொண்டுவந்தார். ஆகவே ஆந்திர நாட்டில் தாய்மொழியில் கணக்குப் படிப்பது பழைய பழக்கம்.

மாந்தோப்பில் ஒரு கணக்கு

சித்தூர்ப் பக்கம் மாந்தோப்பு இல்லாத ஊர் குறைவு. 30 அடிக்கு 30 அடி என்று சதுரமாகக் கன்று நடுகிறீர்கள். மரம் பெரிதாகும் வரை இடம் சும்மா கிடக்கிறதே என்று ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒரு பப்பாளி வைக்கிறீர்கள். மாவுக்கும் பப்பாளிக்கும் இடையே எத்தனை அடி? பாபிலோனியர் வில்லையில் இருக்கும் அதே சதுரம்தான். மூலைக்கு மூலை 30√2. அதில் பாதி 15√2. ஏறத்தாழ 21 அடி இரண்டரை அங்குலம். இரண்டு மூலைகளிலிருந்து இந்த அளவுக்குக் கயிறு பிடித்தால், இரண்டு கயிறும் சேரும் இடம்தான் நடு.

பயிற்சி

1. √50, √12, √98 ஆகியவற்றைச் சுருக்குங்கள்.

2. பெருக்கிச் சுருக்குங்கள்: √3 × √12. பிறகு 3√2 × 5√6.

3. ஒரு இடம். அகலம் 6√2 அடி. நீளம் (6 + 6√2) அடி. பரப்பு என்ன? அடைப்புக்குள் இருக்கும் இரண்டையும் தனித்தனியாகப் பெருக்க வேண்டும்.

4. உங்கள் வீட்டு அறை ஒன்றின் நீளம், அகலம் அளந்து, மூலைக்கு மூலை எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். பிறகு கயிறு பிடித்துப் பாருங்கள்.

விடைகள்: (1) 5√2, 2√3, 7√2. (2) 6, 30√3. (3) 36√2 + 72, ஏறத்தாழ 123 சதுர அடி. (4) இதற்கு விடை உங்கள் வீட்டில் இருக்கிறது.